மடங்கும் இருக்கை

சனிக்கிழமைகளில் நிரம்பி வழியும் அந்த உதைபந்தாட்ட மைதானத்துக்கு, புதன்கிழமை மாலையில் நடக்கும் கிண்ணப் போட்டியென்றால் ஆள் வருவதில்லை. விடிந்தால் வேலை, கடைசி ரயில் தவறிவிடும், குளிர், வீட்டில் தொலைக்காட்சி இருக்கிறது. பஞ்சலிங்கத்துக்கும் விடியற்காலை ஐந்து மணிக்கு வேலைதான். ஆனாலும் வந்து, வழக்கமான இடத்தில் உட்கார்ந்து, பக்கத்து இருக்கை மேலே மடங்கிவிடாமல் ஒரு கையால் அமுக்கிப் பிடித்திருந்தார். பதினொரு வருடமாக ஒவ்வொரு கோலுக்கும் அவரைக் கட்டிப்பிடித்துத் தூக்குகிற வெள்ளைக்காரர் அங்கேதான் இருப்பார். புலம்பெயர்ந்து வந்த இந்த நாட்டில் பஞ்சலிங்கத்தைத் தொடுகிற ஒரே ஆள். போன சனிக்கிழமை, “புதன்கிழமை பார்ப்போம்” என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

“அண்ணை, முழு வரிசையும் சும்மா கிடக்கு. ஆருக்கு இடம் பிடிச்சு வைச்சிருக்கிறியள்?” என்றான் அங்கே காவல் நின்ற ரூபன்.

“என்ரை சிநேகிதன் வருவார்.”

“போன் அடிச்சுக் கேளுங்கோவன். ஆளின்ரை பேரென்ன?”

பஞ்சலிங்கம் யோசித்துப் பார்த்தார். “கேக்கேல்லை.”

“இவ்வளவு வருசமா அந்தாளோட துள்ளுறியள், பேர் தெரியாதே? நல்ல சிநேகிதம்!”

எண்பதாவது நிமிடத்தில் கோல் விழுந்தது. பஞ்சலிங்கம் தன்னை மறந்து எழுந்து, இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு பக்கத்து இருக்கைப் பக்கம் திரும்பினார். பிடிவிட்ட இருக்கை படாரென்று மடங்கியது. அந்தச் சத்தம் எதிர்ப்பக்கம் வரை போய்த் திரும்பி வந்தது. விரித்த கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு குனிந்து இருக்கையை மறுபடி அமுக்கிப் பிடித்தார்.

“ஆட்டம் முடிஞ்சுது அண்ணை, லைற்றை நிப்பாட்டப் போறாங்கள்” என்று ரூபன் பக்கத்தில் வந்து நின்றபோதும் அவர் கையை எடுக்கவில்லை.