சுற்றி வந்து பார்க்கும் பீடம்

“என் மானைச் சுட்டுட்டு, அதுக்குப் பீடமும் என்னையே செஞ்சு குடுக்கச் சொல்றான். எவ்வளவு திமிர் இருக்கணும் அவனுக்கு?”

வெர்னா கேட்டது நாயிடம். பட்டறையில் வேறு ஆளில்லை. கேட்டுக்கொண்டே தேவதாருக் கட்டையில் அவள் அடித்த அடியில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

மிச்சிகனின் வடகோடியில், வேட்டை மான்களின் தலைக்குப் பீடம் செய்வதில் அவளை மிஞ்ச ஆளில்லை. பதப்படுத்திய தலையும் தோளும் பட்டை உரியாத மரத்திலிருந்து எட்டிப் பார்ப்பதுபோல் நிறுத்திவிடுவாள். அந்தக் கை இப்போது கென்னிக்கு வேலை செய்ய வேண்டியிருக்கிறது. தங்கை புருஷன், முடியாது என்று சொல்ல முடியுமா?

சொல்லியிருக்கலாம்தான். தங்கை ஆர்டிஸ் அழுதுவிட்டாள்.

மூன்று வருஷம் அந்த மானுக்காக அலைந்தவள் வெர்னா. இடது கொம்பு கீழே வளைந்த பெரிய ஆண் மான். ஓடைக்கரையில் தானே பரண் கட்டி, பனியில் விறைத்து உட்கார்ந்து, இன்னும் ஒரு வருஷம் வளரட்டும் என்று இரண்டு தடவை குறி வைத்தும் சுடாமல் விட்டவள்.

போன வருஷம் நவம்பரில் வேட்டை தொடங்கிய முதல் நாள் ஆர்டிஸுக்கு வயிற்றில் ஆபரேஷன். கட்டின புருஷன் பக்கத்தில் இருக்க வேண்டாமா? ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருந்தது வெர்னா. அவளுடைய பரணில் உட்கார்ந்திருந்தது கென்னி.

சாயங்காலம் அவன் வண்டியில், தார்ப்பாய்க்கு வெளியே அந்த வளைந்த கொம்பு நீட்டிக்கொண்டிருந்ததை ஊரே பார்த்தது. முதல் நாள் சுட்ட மானைக் கடைவீதிக் கம்பத்தில் தொங்கவிடுவது ஊர் வழக்கம். அதைக்கூடச் செய்யவில்லை. அன்றைக்குக் குளிர் குறைவு, கறி கெட்டுவிடும் என்று சொல்லி, உள்ளூர் ஆளை விட்டுவிட்டு, மூன்று மணி நேரம் தள்ளி யாரோ ஒருவனிடம் தலையைப் பதப்படுத்தக் கொடுத்தானாம்.

அவன் எப்போதுமே அப்படித்தான். அந்த நவம்பருக்கு முன்னால் மார்ச்சில் இரண்டு பேரும் காட்டுக்குள் போனபோது, வருஷா வருஷம் கொம்பு உதிர்ந்து புதிதாக முளைக்கிற அதே மான் உதிர்த்துவிட்டுப் போன வளைந்த கொம்பை வெர்னாவின் நாய்தான் மோப்பம் பிடித்துக் கவ்வி வந்தது. வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்ததைக் கென்னி பிடுங்கிக்கொண்டான். ஜோடிக் கொம்பும் அங்கேயே கிடந்தது, அதையும் எடுத்துக்கொண்டான். வேலிக்கு அந்தப் பக்கம் அவன் நிலமாம். வாயில்லாத ஜீவனிடம்கூடப் பிடுங்குகிற புத்தி.

அந்த நவம்பரிலிருந்து வெர்னா காட்டுப் பக்கமே போகவில்லை. அந்த மான் இல்லாத காட்டில் என்ன வேலை? துப்பாக்கியைக் கூடத் துடைக்கவில்லை. அதையும் கென்னி கேட்டான், சரி எடுத்துத் தொலை என்று சொல்லிவிட்டாள்.

இத்தனை நாள் அளவை வைத்துத்தான் வேலை செய்தாள். மான் தலை அன்று மதியம்தான் வந்தது. கம்பளியைப் பிரித்து, முகத்தைப் பார்க்காமலே தூக்கி இரும்புக் கம்பியில் பொருத்தினாள். கூடவே வந்த கென்னி, இறைச்சி அடைத்த ரொட்டியைத் தின்றுகொண்டே அதிகாரம் பண்ணினான்.

“இன்னும் கொஞ்சம் உயரமா வச்சிருக்கலாம். வர்றவன் அண்ணாந்து பாக்கணும்.”

“பேசாம தின்னு.”

“இன்னும் கோபம் போகலையா உனக்கு? ஒரு மானுக்காக ஒரு வருஷமாவா மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டிருப்பாங்க?”

வெர்னா உளியை மேஜையில் வைத்தாள். கையில் இருந்தால் ஏதாவது ஆகிவிடும் என்று அவளுக்கே பயம்.

வேலை முடிந்தால் கைவிளக்கோடு மூன்று சுற்று வருவது அவள் வழக்கம். சுவரில் மாட்டுகிற தலைக்கு முன்பக்கம் போதும். பீடமென்றால் ஆள் சுற்றி வருவான், பின்கழுத்துத் தையல் முதல் கொம்பின் உள்பக்கம் வரை எல்லாம் தெரியும். கோபம் எவ்வளவு இருந்தாலும் வேலையில் குறை வைக்க மாட்டாள்.

முதல் சுற்றில் பட்டையைப் பார்த்தாள். இரண்டாவதில் பட்டையில் ஒட்டியிருந்த பாசியைச் சரிசெய்தாள். மூன்றாவது சுற்றில் பின்பக்கம் வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

விளக்கை இடது கொம்பின் நுனிக்குக் கொண்டுபோனாள். உள்பக்கத்தில் விரலை வைத்துத் தடவினாள். பூசியிருந்த மெழுகு நகத்தில் ஒட்டிக்கொண்டு வந்தது. பிறகு நாயைக் கூப்பிட்டாள். அது முன்னங்கால்களைப் பீடத்தில் வைத்து எக்கி, மோந்து பார்த்து, வாலை ஆட்டு ஆட்டென்று ஆட்டியது.

“நாயை விரட்டு, முடியெல்லாம் ஒட்டும்” என்றான் கென்னி. சுவரில் மாட்டியிருந்த துப்பாக்கியை எடுக்கக் கை நீட்டினான். “அப்ப இதையும் எடுத்துக்கறேன்.”

வெர்னா குறுக்கே போய் நின்றாள். ஒரு வருஷத்துக்குப் பிறகு அவள் முகத்தில் சிரிப்பு வந்திருந்தது. கோபமும் போகவில்லை.

“கையை எடு கென்னி. மார்ச்சுல என் நாய் கடிச்ச தடம், நவம்பர்ல நீ சுட்ட மானோட கொம்புல எப்படி வந்துச்சு? உதிர்ந்த கொம்பை எடுத்து எந்தக் குட்டி மான் தலையில ஒட்ட வச்சே?”

கென்னி நீட்டிய கையை இழுத்துக்கொண்டான். வெர்னா துப்பாக்கியை எடுத்து, ஒரு வருஷத் தூசியை முழங்கையால் துடைத்தாள்.

“என் மான் காட்டுலதான் இருக்கு.”