சராசரி

பழைய ஆய்வுக்கூடத்தில் இருந்தவர்கள்: கணக்கு வாத்தியார், பூட்டும் கையுமாக பியூன், கணக்கு ஏறாத ஒன்பது பிள்ளைகள். பக்கத்துக் கட்டடத்தில் தேசியத் தரமதிப்பீட்டுத் தேர்வு தொடங்கவிருந்தது.

"நானும் எழுதுறேன் சார்," என்றாள் ஒருத்தி.

"நீ எழுதினா ஸ்கூலோட சராசரி பாதாளத்துக்குப் போயிடும். ஆப்சென்ட்னா கணக்குலயே வராது. வாயை மூடிட்டு உட்காரு."

தலைமையாசிரியை வந்தார்.

"ஒன்பது பேரையும் அடைச்சாச்சு மேடம்," என்றார் வாத்தியார்.

"நல்லது. இந்த வருஷம் வாத்தியாருங்களுக்கும் அதே தேர்வாம் சார். நேத்து எல்லாரையும் மாதிரித் தாள் எழுதச் சொன்னேனே, திருத்திட்டேன்."

வாத்தியார் குரலைத் தாழ்த்தினார். "மேடம், பசங்க முன்னாடி வேண்டாம்."

"நூத்துக்குப் பதினாறு. நீங்களும் ஆப்சென்ட்."

தலைமையாசிரியை வெளியேறியதும் பியூன் கதவைச் சாத்திப் பூட்டினார்.