இரண்டாவது கூண்டு

யுத்தத்தால் சீமை மருந்து வரவில்லை. சிறுபீளைக் கஷாயம் நீரைப் பிரிக்குமா என்று முயல்களிடம் சோதித்துக்கொண்டிருந்தார் கம்பத்து டாக்டர் செல்லப்பாண்டி. முதல் கூண்டுக்குக் கஷாயம். இரண்டாவதற்கு வெறும் தண்ணீர். இரண்டிலும் மூத்திரம் ஒரே அளவுதான் இருந்தது.

டாக்டர் கஷாயத்தை முகர்ந்து பார்த்தார். காய்ச்சிக் கொடுத்த வைத்தியர் வாசனைக்கு நாலு இலையை மட்டும் போட்டிருப்பாரோ?

"வைத்தியரே, தண்ணியக் காய்ச்சிக் குடுத்து என்னைய ஏமாத்தப் பாக்குறீகளா?"

சுருளிப்பட்டி வைத்தியர் அம்மாவாசிக்கு முகம் சுண்டிப்போனது. "எங்க அப்பாரு காலத்து மருந்துய்யா."

டாக்டர் நம்பவில்லை. 'பலனில்லை' என்று எழுதப் பேனாவைத் திறந்தார்.

முயல்களுக்குத் தீனி வைக்கும் ராமுத்தாய் குறுக்கே வந்தாள்.

"வைத்தியர வையாதீகய்யா. ரெண்டு கூண்டுக்கும் நான் கஷாயந்தான் ஊத்துனேன். ஒரே பந்தியில உக்கார வச்சுட்டு, ஒருத்தருக்கு மருந்து, ஒருத்தருக்குப் பச்சத்தண்ணின்னு எப்படிய்யா வஞ்சன செய்யிறது?"