நாலாவது கன்று

“உந்தக் கள்ளன் மட்டும் என்ரை கையிலை ஆம்பிடட்டும் தம்பி, உம்மடை மண்வெட்டியாலைதான் அவனுக்கு.”

யாகோப்பு தன் மண்வெட்டியைப் பார்த்தார். பிறகு அதை மெல்ல எடுத்து மரத்துக்குப் பின்னால் சாய்த்து வைத்தார்.

யாழ்ப்பாணத்தில் வெள்ளைக்காரன் காலத்தில் போட்ட பூங்கா அது. யாகோப்புக்கு அங்கே தோட்ட வேலை. புதன்கிழமைகளில் வந்து சும்மா மரம் பார்த்துவிட்டுப் போகிற றஹ்மத்தும்மா இன்றைக்குத்தான் வாய் திறந்தார்.

“என்ன களவு போனது, அக்கா?”

“விளாத்திக் கண்டு. நீர் சாப்பிடப் போற நேரம் பாத்து, களவா நட்டனான். ஒண்டில்லை, மூண்டு. அடுத்த கிழமை வந்து பாத்தால் வெறும் குழி.”

“களவா நட்டதைக் களவெடுத்துப்போட்டான்.”

“பகிடி விடாதையும்.”

“நட வேற இடம் இல்லையே அக்கா?”

“இருக்கிறது மாடியிலை, வாடகை அறை. சீமெந்திலை நடுறதே? தொண்ணூறிலை இயக்கம் முஸ்லிம் சனம் எங்களை ஊரைவிட்டுப் போகச் சொல்லேக்கை வளவிலை நிண்ட விளாத்தி, திரும்பி வரேக்கையும் நிண்டது. வீட்டுக்குக் கூரை இல்லை, மரம் நிறையக் காய். வளவை வித்தம். வாங்கினவர் மரத்தைத் தறிச்சுப்போட்டார். தறிக்கேக்கை விழுந்த பழத்திலை முளைச்சது நாலே நாலு.” பைக்குள் கைவிட்டு எடுத்தார். “இதுதான் கடைசி. இதுவும் போனால் முடிஞ்சுது.”

யாகோப்பு அந்த விளாங்கன்றை வாங்கிப் பார்த்தார். ஐந்தாறு இலை. முள்கூட ஒழுங்காக வரவில்லை.

“பாக்கப் புல்லு மாதிரித்தான் கிடக்குது,” என்றார்.

“புல்லோ? உமக்கும் கண் இல்லையோ?”

யாகோப்பு போய் மண்வெட்டியை எடுத்துவந்தார். தானே குழி வெட்டினார், மண்வெட்டியைத் திரும்ப மரத்துக்குப் பின்னால் வைத்தார், நட்டார், தண்ணீர் ஊற்றினார். கொட்டிலுக்குப் போய் ஒரு பலகைத் துண்டும் பெயின்ட் பேணியும் கொண்டுவந்தார். குந்தியிருந்து, ஒவ்வொரு எழுத்தாக வாய்க்குள் சொல்லிச் சொல்லி எழுதினார். குழி வெட்டினதைவிட அதற்குத்தான் அதிகம் வியர்த்தது.

“கண்டைவிடப் பலகை பெரிசு,” என்றார் றஹ்மத்தும்மா.

“இருக்கட்டும் அக்கா. பேர்ப்பலகை இல்லாததெல்லாம் களை, பிடுங்கு எண்டுதான் அவனுக்கு உத்தரவு.”

“ஆருக்கு?”

“கள்ளனுக்கு.”

றஹ்மத்தும்மா பலகையைப் பார்த்தார். மரத்துக்குப் பின்னாலிருந்த மண்வெட்டியையும் பார்த்தார்.

“அவனுக்கு வாசிக்கத் தெரியுமோ?”

“ஓம் அக்கா,” என்றார் யாகோப்பு, கன்றைப் பார்த்தபடியே. “போன வருசந்தான் பழகினவன்.”