“வாறன்” என்றதன் அர்த்தம்

சுன்னாகம் சந்தையின் வெங்காய வாசம் சட்டத்தரணி அருந்ததியின் அறைக்குள் கேளாமலே வந்து உட்கார்ந்திருக்கிறது. மேசையில் காலை வெயில். வெயிலில், அருந்ததி விளக்கம் கேட்டு எழுதியதற்கு வந்த கடிதம். மனம் உடைந்து செவ்வாய்தோறும் ஆலோசனைக்குப் போன உதயகலாவைத் தகாதபடி தொட்ட மனநல ஆலோசகரின் பதில் அது. அழுகலை மூட்டையின் அடியில் வைக்கத் தெரிந்தவர். முதல் பக்கம் முழுக்க மரியாதைதான். இரண்டாம் பக்கத்தை அருந்ததி எதிரில் இருக்கும் உதயகலாவுக்குச் சொல்லிக்காட்டுகிறாள். “ஒவ்வொரு முறையும் ‘வாறன்’ எண்டு சொல்லித்தான் வெளிக்கிட்டனீங்களாம். அதாலை எல்லாம் உங்கடை விருப்பமாம்.” அருந்ததி சிரிக்கிறாள். “பல்லுப் பிடுங்கினவருக்கும் நான் அப்பிடித்தான் சொன்னனான். செத்தவீட்டிலை மட்டுந்தானே அக்கா நாங்கள் சொல்லாமல் போறது?” உதயகலா சிரிக்கவில்லை. “விருப்பந்தான் பிள்ளை. தொட்டதிலை இல்லை. செவ்வாய்க்கிழமையளிலை ஒராள் நான் சொல்லுறதைக் கடைசி மட்டும் கேட்டதிலை.” “கேக்கிறது அவன்ரை தொழில் அக்கா. நீங்கள் விரும்பியிருந்தாலும் விலகி நிக்கவேண்டியது அவன்ரை கடமை.” மின்விசிறி கடிதத்தின் ஓரத்தைத் தூக்கித் தூக்கிப் பார்க்கிறது. உதயகலா அதை ஒதுக்கிவிட்டு, அருந்ததி எழுதி வைத்திருந்த முறைப்பாட்டை இழுத்துக் கையெழுத்து வைக்கிறாள். பிறகும் எழும்பவில்லை. “வெளியிலை ஆக்கள் நிக்கினமோ? இல்லையெண்டால் கொஞ்சம் கதைக்கவேணும். வழக்கைப் பற்றி இல்லை.” அருந்ததி பேனையை மூடிவிட்டுக் கதிரையை அவள் பக்கம் திருப்புகிறாள்.