நூறு வாட்

“இந்த ரேடியோ அட்டையில நூறு வாட்டுன்னு போட்டிருக்கே, நெசமா பாய்?” என்று கேட்டாள் குஞ்சம்மாள்.

கொடைக்கானல் பஜாரில் கார் ரேடியோ கடை வைத்திருந்த காதர் மைதீன் சிரித்தார். “அது ஒரு நொடி உச்சத்துக்கும்மா. நிக்காமப் பாடுனா இருபதுதான். நெசமாவே நூறு வேணும்னா பெரிய ஆம்ப்ளிஃபயர் இருக்கு. பேட்டரியும் பெரிசா வேணும்.”

“இருபதே போதும். அதுக்கேத்த பேட்டரியும் குடுங்க. திருவிழா முடியுற வரைக்கும் தாங்கணும்.”

“இஞ்சின் ஓடுனா தானா சார்ஜ் ஏறும், கவலைய விடுங்க. வண்டிய எங்க நிறுத்தியிருக்கீங்க? மாட்டித் தர்றேன்.”

“வண்டியா? எங்க வெள்ளகவிக்கு ரோடே கெடையாது, கரண்டும் கெடையாது.” துண்டைச் சுருட்டித் தலையில் சும்மாடு வைத்தாள். “பேட்டரியத் தூக்கி விடுங்க பாய், ஒத்தையடிப் பாதையில எறங்கணும். இதுக்கு மேல வாட்டு கூடுனா என் கழுத்து தாங்காது.”