முதலாளியின் மீசை

பூங்காவனத்தின் பேச்சுரிமையை யாரும் பறிக்கவில்லை. ஊரார் காதுகளில் மாட்டியிருந்த, யார் பேச்சு கேட்கலாம் என்று வடிகட்டும் கருவி மட்டும் பேச்சுத் தளத்து முதலாளிக்குச் சொந்தம். அவர் மீசை விளக்குமாறு மாதிரி இருக்கிறதென்று போன வாரம் சொன்னதிலிருந்து அவள் குரல் யார் காதையும் எட்டவில்லை.

இன்று மாடியில் துணி காயப்போட்டவள், கீழே ஸ்கூட்டர் மேலிருந்த ஹெல்மெட்டுக்குள் பாம்பு நுழைவதைக் கண்டாள். கணவன் தயாளன் ஹெல்மெட்டை எடுக்கப் போனான். தொண்டை கிழியக் கத்தினாள், அவன் திரும்பவில்லை. முதலாளியைப் புகழ்ந்தால்தான் கருவி வழிவிடும்.

"முதலாளி மீசை மாதிரி ஒரு மீசை உலகத்துலயே இல்ல. யோவ், ஹெல்மெட்டுக்குள்ள பாம்பு."

மீசை தெருவில் எல்லார் காதிலும் மூன்று தடவை ஒலித்தது. பாம்பு பரிசீலனையில் இருந்தது.

தயாளன் முகம் வாடி நிமிர்ந்தான். "என் மீசையப் பத்தி என்னிக்காவது இப்படிச் சொல்லியிருக்கியா?" என்று கேட்டுவிட்டு, விருட்டென்று ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டான்.